புது நாட்டில் பழைய லைசென்ஸ்

ஓட்டுநர் உரிமம், அதை வழங்கிய அரசு தன் எல்லைக்குள் தரும் அனுமதி. அந்த எல்லையைத் தாண்டிய பிறகு அதை மதிப்பதும் மதிக்காததும் போய்ச் சேர்ந்த நாட்டின் விருப்பம். சுற்றுலாவுக்கோ சில வார வேலைக்கோ போகிறவர் சொந்த நாட்டு உரிமத்தை வைத்துக்கொண்டே பெரும்பாலான நாடுகளில் கொஞ்ச காலம் காரோட்டலாம். அங்கேயே குடியேறிவிட்டவருக்கு அந்தச் சலுகை சீக்கிரம் முடிந்துவிடும். குறிப்பிட்ட கெடுவுக்குள் அந்த நாட்டு உரிமத்துக்கு அவர் மாறியாக வேண்டும். மாறாமல் ஓட்டினால், சொந்த ஊரில் இருபது வருடம் ஓட்டியவராக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் உரிமமே இல்லாமல் ஓட்டுகிறவர்தான்.

நாடு விட்டு நாடு கார்கள் ஓடத் தொடங்கியபோதே இந்தச் சிக்கலும் வந்துவிட்டது. 1926-இல் பாரிஸிலும், 1949-இல் ஜெனீவாவிலும், 1968-இல் வியன்னாவிலும் நாடுகள் கூடிச் சாலைப் போக்குவரத்து பற்றி ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. ஒரு நாட்டின் உரிமத்தை இன்னொரு நாடு எப்போது ஏற்க வேண்டும் என்பது அவற்றில் இருக்கிறது. ஆனால் மூன்றுமே வந்து போகிற பயணிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உரிமம் வாங்கிய பிறகு ஒருவர் தன் இருப்பிடத்தை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டால் அந்த உரிமத்தை ஏற்க வேண்டிய கடமை புதிய நாட்டுக்கு இல்லை என்று வியன்னா ஒப்பந்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. குடியேறுகிறவர்கள் சந்திக்கும் விதிகளின் சாரம் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி பற்றிய தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். வெளிநாடு போவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து அந்தச் சிறு புத்தகத்தை வாங்கிவிட்டால் போதும், இனி எங்கும் ஓட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது உள்ளூர் உரிமத்தின் மொழிபெயர்ப்புதான். மூல அட்டை கூடவே இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. இந்தியாவில் அது ஓராண்டுக்கே வழங்கப்படுகிறது. சீனப் பெருநிலத்தில் அது அறவே செல்லாது. வாடகைக் கார் எடுக்கும் பயணிக்கு அது பயன்படும். குடியேறியவருக்குரிய கெடுவை அது ஒரு நாள்கூட நீட்டித்துத் தராது.

உரிமத்தை மாற்றித் தருவதில் நாடுகள் பார்ப்பது ஓட்டுநரின் கைத்திறனை அல்ல. உரிமம் கொடுத்த அலுவலகத்தின் தேர்வு முறை தங்கள் தேர்வுக்கு ஈடானதா, அதன் பதிவேடுகளைக் கேட்டால் சரிபார்க்க முடியுமா என்பதைத்தான் பார்க்கின்றன. நம்பிக்கை இருக்கும் நாடுகளோடு பரஸ்பர ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. அந்தப் பட்டியலில் இருக்கும் நாட்டின் அட்டையை ஒப்படைத்துக் கண் பரிசோதனையை முடித்தால் புது அட்டை கிடைத்துவிடும். லண்டனில் உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஓட்டியவர் டொரண்டோவில் குடியேறினால் அவருக்குத் தேர்வே இல்லை. மதுரை மாட்டுத்தாவணி நெரிசலில் இருபது வருடம் கீறலில்லாமல் ஓட்டியவருக்கு எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் உண்டு. இது அவருடைய திறமை மீது சொல்லப்பட்ட தீர்ப்பாகாது. ஆனாலும் புது ஊரில் காலூன்றப் பாடுபடும் நேரத்தில் இந்த நடைமுறை மனதைக் குத்தத்தான் செய்யும். பிரிட்டனே 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் கொடுக்கத் தொடங்கி, 1935 வரை தேர்வைக் கட்டாயமாக்காமல் இருந்த நாடுதான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தமிழர்கள் பெருமளவில் குடியேறியிருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தை எடுத்துக்கொண்டால் முழு நடைமுறையும் தெளிவாகும். கனடாவில் உரிமம் கொடுப்பது மாகாண அரசின் வேலை. ஒன்டாரியோவிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வீடு மாறினால்கூட அட்டையை மாற்ற வேண்டும். ஒன்டாரியோவில் குடியேறியவர் வெளிநாட்டு உரிமத்தோடு 60 நாட்கள் ஓட்டலாம். அதற்குள் டிரைவ்டெஸ்ட் என்ற ஓட்டுநர் தேர்வு மையம் ஒன்றுக்குப் போய் மாற்றும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, ஜப்பான், தென் கொரியா, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளின் உரிமங்களை மாகாணம் நேரடியாக மாற்றிக் கொடுக்கிறது. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை.

1994 முதல் ஒன்டாரியோவில் கார் உரிமம் படிப்படியாகத்தான் கொடுக்கப்படுகிறது. ஜி1 என்பது பழகுநர் நிலை; கண் பரிசோதனையும் எழுத்துத் தேர்வும் முடித்தால் கிடைக்கும். அடுத்தது ஜி2; அதற்கு ஒரு சாலைத் தேர்வு. கடைசியில் முழு உரிமமான ஜி. அதற்கு நெடுஞ்சாலையில் ஓட்டிக் காட்டும் இன்னொரு தேர்வு. புதிதாகக் கற்றுக்கொள்ளும் பதினாறு வயதுப் பிள்ளை ஒவ்வொரு படியிலும் மாதக்கணக்கில் காத்திருந்து ஏற வேண்டும். வெளிநாட்டில் ஓட்டிய அனுபவம் உள்ளவருக்கு அந்தக் காத்திருப்பு குறைகிறது. எழுத்துத் தேர்வு அவருக்கும் உண்டு. அதன் பிறகு எந்தச் சாலைத் தேர்வுக்கு நேரடியாகப் போகலாம் என்பதை, எத்தனை வருட அனுபவத்தை அவர் ஆவணத்தால் நிரூபிக்கிறார் என்பது தீர்மானிக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் வீணாக ஒரு வருடத்தை இழக்கிறார்கள். கையில் உள்ள அட்டையை மட்டும் காட்டினால் அதிகபட்சம் 12 மாத அனுபவமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அதை வைத்து ஜி2 தேர்வுக்குத்தான் போகலாம். இரண்டு வருடமும் அதற்கு மேலும் ஓட்டியதைக் காட்டி நேரே ஜி தேர்வுக்குப் போக வேண்டுமானால், உரிமம் வழங்கிய அலுவலகமோ அந்த நாட்டுத் தூதரகமோ கொடுத்த அதிகாரப்பூர்வக் கடிதம் வேண்டும். இன்ன வகை வாகனத்துக்கு, இன்ன தேதியிலிருந்து உரிமம் வைத்திருக்கிறார், அது செல்லுபடியாகும் நிலையில் இருக்கிறது என்று அதில் இருக்க வேண்டும். கடிதம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் கேட்பார்கள்.

ஆகையால் விமானம் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த ஆவணத்தை வாங்குவதுதான். இந்தியாவில் ‘சாரதி’ இணையதளம் வழியாக உரிமப் பதிவின் சுருக்கத்துக்கு விண்ணப்பிக்கலாம். பழைய புத்தக வடிவ உரிமங்களின் விவரம் கணினியில் ஏறாமல் இருக்கலாம்; அப்படியானால் அலுவலகத்துக்கு நேரில் போய் ஏற்றச் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கும்போது அரை நாள் வேலை. டொரண்டோவில் இருந்துகொண்டு ஊரிலிருக்கும் தம்பியையோ மாமாவையோ அலையவிட்டால் அதுவே மாதக்கணக்கில் இழுக்கும். இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இதே இடத்தில் வருகிறது.

முதன்முதலில் உரிமம் வழங்கிய தேதி அந்த ஆவணத்தில் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது மிக முக்கியம். புதுப்பித்த அட்டையில் புதுப்பித்த நாள் பெரிதாகத் தெரிந்து, முதல் தேதி கண்ணில் படாமல் போனால், பதினைந்து வருட ஓட்டுநர் சென்ற வருடம் உரிமம் வாங்கியவராகக் கருதப்பட வாய்ப்புண்டு. வாகன வகையும் கவனிக்க வேண்டியது. பைக் ஓட்டிய வருடங்கள் கார் அனுபவமாகச் சேராது. பத்து வருடம் பைக் ஓட்டிவிட்டுப் போன வருடம்தான் காருக்கு உரிமம் வாங்கினேன் என்றால் கணக்கு அந்த ஒரு வருடத்துக்குத்தான்.

தமிழர்களுக்கென்றே உள்ள இன்னொரு தொல்லை பெயர். உரிமத்தில் ‘கே. செல்வம்’ என்று தலைப்பெழுத்தோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த ‘கே’ விரிந்து ‘கந்தசாமி’ ஆகிக் குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்குப் போயிருக்கும். சிலருக்கு இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்து, குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். திருமணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்ணின் உரிமத்தில் அப்பா பெயரின் முதலெழுத்தே இருக்கும். தமிழ்நாட்டு அலுவலகத்தில் யாரும் இரண்டாவது முறை பார்க்காத விஷயம் இது. தலைப்பெழுத்து முறையே தெரியாத வெளிநாட்டு எழுத்தருக்கோ இரண்டும் வேறு வேறு ஆட்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதைப் போலவே உரிமத்திலும் பெயரை விரித்து மாற்றிக்கொண்டு போவது நல்லது. நேரமில்லை என்றால், அனுபவக் கடிதத்திலாவது பாஸ்போர்ட் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இடம்பெறும்படி கேட்டு வாங்க வேண்டும்.

எழுத்துத் தேர்வு 40 கேள்விகள்: சாலை விதிகளில் 20, சாலைக் குறியீடுகளில் 20. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 16 சரியாக இருக்க வேண்டும். ஒன்றில் இருபதுக்கு இருபது வாங்கி மற்றதைச் சமன் செய்ய முடியாது. இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்த அம்மா அப்பாக்களுக்கு இது பெரிய உதவி. பிரிட்டனிலும் எழுத்துத் தேர்வுக்குத் தமிழ்க் குரல் வழி ஒரு காலத்தில் இருந்தது; 2014 ஏப்ரல் 7 முதல் மற்ற வெளிநாட்டு மொழிகளோடு சேர்த்து அதையும் நிறுத்திவிட்டார்கள். ஒன்டாரியோவிலும் சாலைத் தேர்வில் தேர்வாளர் பேசுவது ஆங்கிலமோ பிரெஞ்சோதான். தமிழில் எழுதித் தேறுகிறவரும் ‘இடது பக்கம் திரும்பு’, ‘அடுத்த சிக்னலில் வலது’, ‘ஓரமாக நிறுத்து’ போன்ற கட்டளைகளை ஆங்கிலத்தில் காதுக்குப் பழக்கிக்கொள்வது அவசியம்.

எழுத்துத் தேர்வு தேறியதும் கையில் வருவது ஜி1. இருபது வருட அனுபவம் இருந்தாலும் அந்த நாள் முதல் பழகுநருக்கான கட்டுப்பாடுகள் பொருந்தும். நான்கு வருடமாவது உரிமம் வைத்திருக்கும் ஒருவர் பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் ஒரு சொட்டு மதுகூட அருந்தியிருக்கக் கூடாது. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஓட்டக் கூடாது. 401 போன்ற 400 வரிசை நெடுஞ்சாலைகளில், உரிமம் பெற்ற பயிற்சியாளர் கூட இருந்தாலொழிய ஏறக் கூடாது. இரவுப் பணிக்குத் தனியாகக் காரில் போய் வருகிறவருக்கு இது பிழைப்பையே தொடும் விஷயம். ஆகவே எழுத்துத் தேர்வுக்கும் சாலைத் தேர்வுக்கும் நடுவில் உள்ள நாட்களுக்கு வேறு போக்குவரத்து ஏற்பாடு செய்துகொண்டு தேதி வாங்குவது புத்திசாலித்தனம்.

சாலைத் தேர்வுக்கு வண்டியை நாமே கொண்டுபோக வேண்டும். முதலில் தேர்வாளர் வண்டியைப் பார்ப்பார்: இண்டிகேட்டர் எரிகிறதா, பிரேக் விளக்கு எரிகிறதா, ஹாரன் ஒலிக்கிறதா. இதில் ஒன்று பழுதாக இருந்தாலே தேர்வு அன்றைக்கு நடக்காது. அதற்குப் பிறகு நடப்பதில்தான் நம் ஊர் அனுபவசாலிகள் தோற்கிறார்கள். காரோட்டத் தெரியாததால் தோற்பதில்லை. இத்தனை வருடம் கைக்கும் காலுக்கும் ஏறிப்போன பழக்கங்களால் தோற்கிறார்கள்.

முக்கியமானது நிறுத்தக் குறி. குடியிருப்புத் தெருக்களில் ஒவ்வொரு முனையிலும் எண்கோண வடிவச் சிவப்புப் பலகை நிற்கும். அங்கே கோட்டுக்கு முன்னால் சக்கரம் முழுவதுமாக நிற்க வேண்டும். எதிரே ஈ காக்கை இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, உருட்டிக்கொண்டே போவது நம் சாலைகளில் கவனமான ஓட்டுநரின் அடையாளம். அங்கே அது தேர்வில் தோற்பதற்குப் போதுமான தவறு. நான்கு பக்கமும் பலகை இருக்கும் சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இருவர் ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு வழிவிட வேண்டும். சிவப்பு விளக்கிலும் முழுவதுமாக நின்று, பாதசாரிகளுக்கு வழிவிட்டு வலது பக்கம் திரும்பலாம்; கூடாது என்ற பலகை இருந்தால் காத்திருக்க வேண்டும்.

தடம் மாறும்போது கண்ணாடிகளில் பார்த்தால் மட்டும் போதாது. கண்ணாடியில் விழாத பகுதியைத் தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் பார்க்க வேண்டும். அதுவும் தேர்வாளருக்குத் தெரியும்படி திருப்ப வேண்டும். ஓட்டுநர் உள்ளபடியே பார்த்திருக்கலாம். கண்ணை மட்டும் ஓட்டியிருந்தால் பார்க்கவில்லை என்றே குறிக்கப்படும். நம் நாட்டில் ஹாரன் ஒரு மொழி: வருகிறேன், விலகு, முந்துகிறேன், நன்றி எல்லாவற்றையும் அதுவே சொல்லும். அங்கே அது ஆபத்துக்கு மட்டும். இதோடு இந்தியா, இலங்கை ஓட்டுநர்களுக்குச் சாலையே இடம் மாறிப் போயிருக்கிறது. நேர்ச் சாலையில் வலப்பக்கம் ஓட்டுவது ஒரே நாளில் பழகிவிடும். காலிச் சாலையில் இடது பக்கம் திரும்பும்போதுதான் பழைய பழக்கம் எதிர்த் தடத்துக்குக் கூட்டிப் போகும்.

பள்ளிப் பேருந்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மஞ்சள் பேருந்து சிவப்பு விளக்குகளை மின்னவிட்டு நின்றால் பின்னால் வரும் வண்டிகள் 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நடுவே பிரிப்பு இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளும் நிற்க வேண்டும். முதல் முறை மீறினாலே 400 முதல் 2,000 டாலர் வரை அபராதமும் உரிமத்தில் ஆறு குறைப் புள்ளிகளும் உண்டு. பேருந்திலிருந்து இறங்கும் குழந்தை எந்தப் பக்கமும் பார்க்காமல் சாலையைக் கடக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட சட்டம் இது. குடியேறுகிறவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

ஜி தேர்வுக்கு நேரே போவதா, ஜி2 வழியாகப் போவதா என்று முடிவெடுக்கும்போது நெடுஞ்சாலைப் பழக்கத்தை நேர்மையாக எடைபோட வேண்டும். ஜி தேர்வில் வேகமாக ஓடும் வண்டிகளுக்கு நடுவே இணைவதும், தடம் மாறுவதும், வெளியேறுவதும் உண்டு. தேர்வுக்கு முன் சமீபத்தில் எத்தனை முறை நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறார் என்று ஓட்டுநர் எழுதிக் கையெழுத்திடவும் வேண்டும். தயங்கித் தயங்கி இணைகிறவருக்கு உள்ளூர் பயிற்சியாளரிடம் சில வகுப்புகள் எடுத்துக்கொள்வது வீண் செலவு அல்ல. ஓட்டத் தெரிந்தவருக்கு அந்தப் பயிற்சியாளர் கற்றுக் கொடுப்பது, தேர்வாளர் எதைப் பார்க்கிறார் என்பதை.

60 நாள் கெடுவை யாரும் கதவைத் தட்டி நினைவூட்ட மாட்டார்கள். கெடு தாண்டிய பிறகு விபத்து நடந்தால்தான் அதன் கனம் தெரியும். ஒன்டாரியோவில் வாகனக் காப்பீடு கட்டாயம். காப்பீடு இல்லாமல் வண்டியை ஓட்டினால் முதல் முறைக்கே 5,000 முதல் 25,000 டாலர் வரை அபராதம். செல்லுபடியாகாத உரிமத்தோடு ஓட்டியவருக்குக் காப்பீடு இருந்தும் பலனில்லாமல் போகலாம். காப்பீட்டுக் கட்டணமும் குடியேறியவர்களுக்கு முதல் வருடங்களில் கடுமையாகத்தான் இருக்கும். உள்ளூர் ஓட்டுநர் வரலாறு இல்லாதவரைப் புது ஓட்டுநராகவே பல நிறுவனங்கள் கணக்கிடுகின்றன. ஊரில் காப்பீடு செய்திருந்த நிறுவனத்திடம், இத்தனை வருடம் இழப்பீடு கோரவில்லை என்ற சான்றைக் கேட்டு வாங்கிப் போனால் சில நிறுவனங்கள் அதைக் கருத்தில் எடுத்துக்கொள்ளும். எல்லா நிறுவனங்களும் ஒரே விலை சொல்வதில்லை. நாலைந்து இடத்தில் விசாரிக்க வேண்டும்.

மற்ற நாடுகளில் இதே சட்டகம் வேறு அளவுகளில் வருகிறது. பிரிட்டனில் குடியேறியவருக்குக் கெடு 12 மாதம். ஒன்டாரியோவை விடத் தாராளம். ஆனால் இந்தியா, இலங்கை உரிமம் வைத்திருப்பவரின் அனுபவத்துக்கு அங்கே எந்தச் சலுகையும் கிடையாது. பழகுநர் உரிமம் வாங்கி, எழுத்துத் தேர்வில் 50-க்கு 43 எடுத்து, சாலையில் ஆபத்து உருவாவதைக் காட்டும் 14 காணொளிகளைப் பார்த்து 75-க்கு 44 புள்ளிகள் பெற்று, பிறகு சாலைத் தேர்வுக்குப் போக வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் தேறியவர் கியர் வண்டி ஓட்ட முடியாது. பன்னிரண்டு மாதமும் முடிந்த பிறகு தொடங்கினால், தேறும் வரை தனியாக ஓட்டவும் வழியில்லை. ஜெர்மனியில் கெடு ஆறு மாதம். இந்திய உரிமம் உள்ளவர் எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும் என்றாலும் புதியவர்களுக்குக் கட்டாயமான பயிற்சி வகுப்புகளிலிருந்து அவருக்கு விலக்கு உண்டு. ஜப்பானில் உரிமம் வாங்கிய பிறகு அதை வழங்கிய நாட்டில் மூன்று மாதமாவது வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அங்கே பத்துக் கேள்விகளோடு எளிதாக இருந்த எழுத்துத் தேர்வை 2025 அக்டோபர் முதல் ஐம்பது கேள்விகளாக்கிக் கடுமையாக்கிவிட்டார்கள். விதிகள் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், முன்பே போனவர் சொன்னதை மட்டும் நம்பாமல் அந்தந்த அரசின் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

புது உரிமம் கிடைத்த பிறகு ஊர் உரிமம் என்னவாகும் என்ற கேள்வி மிஞ்சுகிறது. நேரடியாக மாற்றிக்கொள்ளும்போது பழைய அட்டையை ஒப்படைக்க வேண்டும். அதனால் முன்கூட்டியே தெளிவாக நகல் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். இந்திய அட்டை கையிலேயே தங்கினால் அதன் காலாவதித் தேதியை மறக்கக் கூடாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முப்பது வயதுக்கு முன் வாங்கிய உரிமம் நாற்பது வயது வரை செல்லும். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் வாங்கினால் பத்து வருடம். காலாவதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். காலாவதியாகி ஒரு வருடத்துக்குள்ளும் புதுப்பித்துவிடலாம். அந்த ஒரு வருடமும் தாண்டிவிட்டால், விடுமுறைக்கு வந்து சொந்த ஊரில் காரோட்ட நினைப்பவர் அங்கேயும் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் உரிமம் வாங்க வேண்டும்.